ரஃப் நோட்டைக் கிழிக்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படிக்கலாம். கடைசியில் பரீட்சை எதுவும் வைக்க மாட்டேன்.

போன மாதம் என் பிறந்த நாளுக்கு ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன். 'பையன்' என்று எழுதிவிட்டேன், அவனுக்கே இப்போது காதோரம் நரைத்துவிட்டது. பெங்களூருவில் வேலை. பெயரைப் போட வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டான், அதனால் போடவில்லை. பிரித்தால் உள்ளே கனமான ஒரு பெட்டி. துணி ஒட்டிய அட்டை, தங்க எழுத்து. எம்.எஸ்.சுப்புலட்சுமி அம்மாவின் பழைய பதிவுகள். சில ஸ்டுடியோவில் பாடியவை, சில கச்சேரி மேடையில் பாடியவை. சி.டி.யும் இருந்தது, எல்.பி. தட்டும் இருந்தது. வழவழப்பான தாளில் படங்களோடு ஒரு புத்தகம். பெட்டிக்கு அடியில் இத்தனையாவது பிரதி என்று எண் வேறு போட்டிருந்தது. சேகரிப்பாளர்களுக்கான மறுவெளியீடாம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வகுப்பில் பாட்டு வகுப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் நான் சும்மா பாடிக் காட்டுவேன். என் குரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதைக் கேட்டும் ஒருத்தனுக்கு இசை பிடித்திருக்கிறது என்றால் அது அவனுடைய பெருந்தன்மை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெட்டி மேல் எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. அனுப்பியவன் மேல் இல்லை, அவனிடம் போனிலேயே சொல்லிவிட்டேன். "எழுதுங்க சார்" என்றான். எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. ஒருவர் மட்டும் செய்கிற காரியம் என்றால் எழுத வேண்டிய அவசியமே இல்லை. பலரும் செய்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

என் வீட்டில் தட்டு சுற்றுகிற மிஷின் கிடையாது. மச்சினன் வீட்டில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். முதலில் ஸ்டுடியோ பதிவு போட்டோம். என்ன குரல்! அறையே நிறைந்துவிட்டது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. அப்புறம் கச்சேரிப் பதிவு போட்டோம். அதுவும் அதே மாதிரி சுத்தமாக வந்தது. அங்கேதான் எனக்கு இடித்தது.

பாட்டு முடிகிறது. கைத்தட்டல் எழும்புவதற்குள் ஒலியை மெல்ல இறக்கிவிடுகிறார்கள். இரண்டு விநாடி மயான அமைதி. அடுத்த பாட்டு. நடுவில் தம்புரா சுருதி சேர்ப்பது இல்லை, வயலின்காரர் கம்பியை முறுக்கிப் பார்ப்பது இல்லை, ஜனங்கள் இருப்பதாகவே தெரியவில்லை. புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பட்டுப்புடவையும் வைரத்தோடுமாக அம்மாவின் படங்கள் இருக்கின்றன. எந்த ஊர்க் கச்சேரி? எந்த வருஷம்? மிருதங்கம் யார்? வயலின் யார்? ஒரு வரி இல்லை. எண் போட்ட பெட்டிக்குள் இருக்கிற பாட்டுக்குத் தேதி இல்லை!

இதில் என்ன சார் பெரிய குறை, பாட்டு நன்றாக இருக்கிறதல்லவா என்று கேட்பீர்கள். என் மச்சினனும் அதைத்தான் கேட்டார். "அத்தான், இருமலும் கைத்தட்டலும் கேக்கவா காசு குடுக்கிறோம்?" என்றார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஸ்டுடியோ பதிவு என்பது என்ன என்று பார்ப்போம். பழைய 78 வேகத் தட்டில் பத்து அங்குலத் தட்டுக்கு ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் இடம். கச்சேரியில் முக்கால் மணி நேரம் விரித்துப் பாடக்கூடிய கீர்த்தனையை அந்த மூன்று நிமிடத்துக்குள் மடித்து வைக்க வேண்டும். ஆலாபனையைச் சுருக்கு, நிரவலை விடு, ஸ்வரத்தைக் குறை. இந்தியாவில் கிராமபோன் பதிவு 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் போன்றவர்கள் பாடியதிலிருந்து தொடங்குகிறது. அதற்குப் பிறகு சுமார் அரை நூற்றாண்டுக் காலம் நம் வித்வான்கள் எல்லோரும் இந்த மூன்று நிமிடச் சட்டத்துக்குள்தான் தட்டில் பாடினார்கள். எம்.எஸ். அம்மாவும் சிறுமியாக இருந்தபோது அப்படித்தான் தொடங்கினார். பிறகு எல்.பி. வந்தது. ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. 1963-ல் வெளியான வேங்கடேச சுப்ரபாதம் அப்படி வந்த தட்டுதான். அது ஒலிக்காத மார்கழி விடியற்காலை நம் பக்கத்தில் உண்டா? நம் கோயில் குழாய் ஒலிபெருக்கியில் கேட்டுத்தானே உங்களில் பாதிப் பேர் படிக்க எழுந்தீர்கள்?

அந்தத் தட்டைக் கேட்டுப் பாருங்கள். ஒரு எழுத்து பிசகாது. ஸ்டுடியோ பதிவின் பெருமை அதுதான். பாடி, கேட்டு, திருத்தி, மறுபடி பாடி, எது சரியோ அதைக் கொடுப்பது. வகுப்புக் கணக்கில் சொன்னால் அது கட்டுரை நோட்டு. மார்ஜின் போட்டு, தலைப்புக்கு அடிக்கோடு இட்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, டி.இ.ஓ. வரும் நாளில் மேஜை மேல் வைக்கிற நோட்டு.

கச்சேரிப் பதிவு ரஃப் நோட்டு.

முப்பத்தேழு வருஷம் நோட்டுத் திருத்தியவன் சொல்கிறேன். ஒரு பிள்ளையின் கையெழுத்து எப்படி என்று தெரிய வேண்டுமானால் கட்டுரை நோட்டைப் பார்த்தால் போதும். அந்தப் பிள்ளைக்குக் கணக்கு எப்படி ஓடுகிறது, எங்கே தடுக்குகிறது, தடுக்கினால் எப்படி எழுந்து நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ரஃப் நோட்டைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் ரஃப் நோட்டை நான் வாங்கிப் பார்ப்பது உங்களுக்குப் பிடிக்காது. கடைசிப் பக்கத்தில் நீங்கள் வரைந்த படங்களும் எனக்குத் தெரியும். ஆனால் உங்களை நான் அறிந்தது அங்கேதான்.

மேடையில் பாடுகிறவர் திருப்பி எழுத முடியாது. வாயை விட்டுப் போனது போனதுதான். மிருதங்கக்காரர் ஒரு இடத்தில் புதிதாக ஒரு சொல் போட்டால் அதற்குப் பாட்டில் பதில் வர வேண்டும். வயலின்காரர் பாடகர் விட்ட இடத்தைப் பிடித்து ஒரு சுற்று அதிகம் போனால், அடுத்த சுற்றில் பாடகர் இன்னொரு படி ஏறுகிறார். சபையில் யாரோ ஒருவர் "ஆகா" என்றால் அதற்கும் ஒரு விளைவு உண்டு. நம் சங்கீதத்தில் பாதி அந்த இடத்தில்தான் உண்டாகிறது. அப்படியானால் கைத்தட்டலையும் "ஆகா"வையும் வெட்டிவிட்டால் வெட்டியது சத்தத்தை மட்டும்தானா? அந்தப் பாட்டு ஏன் அப்படி மேலே ஏறியது என்பதற்கான காரணத்தையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஒரு உதாரணம். 1966 அக்டோபர் 23-ஆம் தேதி எம்.எஸ். அம்மா நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். காஞ்சிப் பெரியவர் எழுதிக் கொடுத்த சமஸ்கிருதப் பாடலையும், ராஜாஜி எழுதிய ஆங்கிலப் பாடலையும் அங்கே பாடினார். அதே பயணத்தில் கார்னகி ஹாலிலும் கச்சேரி நடந்தது, அது இசைத்தட்டாகவும் வந்தது. அந்தப் பயணத்தில் கூடப் பாடியவர் மகள் ராதா விஸ்வநாதன். வயலின் வி.வி.சுப்பிரமணியம், மிருதங்கம் டி.கே.மூர்த்தி, கடம் டி.எச்.விநாயக்ராம்.

கடைசிப் பெயரைக் கவனியுங்கள். பின்னால் 'சக்தி' என்ற குழுவில் சேர்ந்து உலகம் முழுவதும் கடத்தைக் கொண்டுபோனாரே, அதே விநாயக்ராம்தான். ஒரு பையன் அட்டையில் அந்தப் பெயரைப் படித்துவிட்டு, இவர் வேறு எங்கே வாசித்திருக்கிறார் என்று தேடப் போனால் அவனுக்கு ஒரு புது உலகமே திறக்கும். பெயர் போடவில்லை என்றால் அந்தக் கதவு சாத்தியபடியே இருக்கும். பக்கவாத்தியம் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். பக்கத்தில் இருப்பவருக்குப் பெயர் இல்லையா? வருகைப் பதிவேட்டில் ஒரே ஒரு பிள்ளையின் பெயரை மட்டும் எழுதிவிட்டு 'மற்றும் பலர்' என்று நான் போட்டிருந்தால் நீங்கள் சும்மா விட்டிருப்பீர்களா?

இன்னொரு உதாரணம், வெளிநாட்டிலிருந்து. இது அந்தப் பெங்களூரு மாணவன் போனில் சொன்னது, பிறகு நானும் தேடிப் படித்தேன். அதே 1966-ஆம் வருஷம் மே மாதம் பாப் டிலன் இங்கிலாந்தில் பாடிய ஒரு கச்சேரியின் திருட்டுப் பதிவு பல வருஷம் கைமாறிக்கொண்டே இருந்தது. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பாடியது என்று எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் அது மான்செஸ்டர் நகரத்து ஃப்ரீ டிரேட் ஹாலில் பாடியது. ஊரே தப்பு! 1998-ல் கம்பெனி அதை முறைப்படி வெளியிட்டபோது இடத்தையும் தேதியையும் சரியாகப் போட்டார்கள். அதைவிட முக்கியம் ஒன்று உண்டு. அந்தக் கச்சேரியில் அவர் எலெக்ட்ரிக் கிதார் எடுத்ததைப் பொறுக்க முடியாமல் கூட்டத்திலிருந்து ஒருவர் "யூதாஸ்" என்று கத்துகிறார். துரோகி என்று அர்த்தம். பாடகரை நேருக்கு நேர் திட்டியது அது. அதை வெட்டவில்லை, தட்டில் அப்படியே இருக்கிறது. அடுத்த பாட்டு ஏன் அத்தனை உக்கிரமாக வருகிறது என்பது அந்த ஒரு சொல்லைக் கேட்டால்தான் விளங்கும். திட்டையே அவர்கள் வைத்திருக்கும்போது, நம்மவர்கள் கைத்தட்டலை வெட்டுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுத்தம் செய்கிறேன் என்று கம்ப்யூட்டரில் போட்டு 'உஸ்ஸ்' என்ற இரைச்சலை எடுக்கிறார்கள். கொஞ்சம் எடுப்பது நல்லதுதான். அளவுக்கு மீறினால் அந்த இரைச்சல் இருக்கும் அதே உயரத்தில் இருக்கிற தம்புராவின் ரீங்காரமும் கூடவே போய்விடும். கடத்தில் விரல் படும் கணீர் சத்தம் மழுங்கிவிடும். வெள்ளாவியில் அதிக நேரம் வைத்தால் அழுக்கோடு கரையும் போய்விடும் அல்லவா, அதே கதைதான். வேகம் இன்னொரு சங்கதி. பழைய தட்டுகள் எல்லாமே சரியாக 78 சுற்று வேகத்தில் பதிவானவை அல்ல. வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். பாடியவர் எந்தச் சுருதியில் பாடினார் என்பதே மாறிவிடும். தெரிந்தவர் கையில் கொடுத்து, எந்த நாடாவிலிருந்து எடுத்தோம், என்ன செய்தோம் என்று நாலு வரி எழுதி வைத்தால் கேட்பவனுக்கு ஒரு நம்பிக்கை வரும்.

இப்போது மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒருதலையாகப் பேசக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

ஒன்று, காசு. பழைய நாடாவைத் தேடி எடுத்து, பூஞ்சை துடைத்து, நல்ல மிஷினில் ஓட்டி, உட்கார்ந்து கேட்டுச் சரி செய்ய ஆள் கூலி உண்டு. பணம் கொடுத்து வாங்குகிற சேகரிப்பாளர்கள் இல்லை என்றால் இந்த வேலை நடக்கவே நடக்காது. அதை ஒப்புக்கொள்கிறேன். பெட்டியின் விலையை இணையத்தில் பார்த்தேன். எங்கள் வீட்டு ஒரு வாரச் செலவு. அதைக்கூடக் குறை சொல்ல மாட்டேன். பட்டுச் சேலை விற்கிற கடையில் நூல் சேலையும் இருக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. பெட்டியும் எண்ணும் வேண்டியவர் வாங்கட்டும். அதே பதிவு, அதே விவரத்தோடு, அட்டை அலங்காரம் இல்லாமல் குறைந்த விலையில் ஒன்று வரட்டும். இசைக் கல்லூரிகளுக்கும் மாவட்ட மைய நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி போகட்டும். சென்னை மியூசிக் அகாடமியில் பழைய கச்சேரிப் பதிவுகளை அங்கேயே உட்கார்ந்து கேட்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அது மாதிரி மதுரையில் ஒன்று இருந்தால் என்ன? அம்மா பிறந்த ஊர் ஆயிற்றே. சுப்ரபாதத் தட்டின் வருமானத்தைத் திருப்பதி வேத பாடசாலைக்கு எழுதி வைத்தவர் அவர். அந்தக் குரலைக் கேட்க வசதி இல்லாதவன் வெளியே நிற்கக் கூடாது.

சட்டம்கூட இதைத்தான் சொல்கிறது. நம் நாட்டுச் சட்டப்படி ஒரு ஒலிப்பதிவு வெளியான வருஷம் முடிந்த பிறகு 60 வருஷம் வரைதான் அதற்கு உரிமை. அதற்கப்புறம் அந்தப் பதிவு பொதுச் சொத்து. 1963-ல் வெளியான தட்டுக்கு 2023 டிசம்பரோடு அந்தக் கணக்கு முடிந்தது. 1960-களில் வெளியானவை இனி வருஷத்துக்கு வருஷம் ஒவ்வொன்றாகப் பொதுவுக்கு வரும். அப்படி வரும்போது நம் கையில் கிடைப்பது முழுப் பதிவா, தலையும் வாலும் வெட்டிய பதிவா? தாய் நாடா கெட்டுப்போனால் வெட்டியதுதான் மிஞ்சும்.

இரண்டாவது, பாடியவரின் விருப்பம். இது என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. எம்.எஸ். அம்மா உச்சரிப்புக்காகவும் சுத்தத்துக்காகவும் எவ்வளவு பாடுபட்டவர் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு பாட்டைப் பாடம் பண்ணி, பொருள் கேட்டு, உச்சரிப்புப் பழகி, அப்புறம்தான் மேடைக்குக் கொண்டு வருவார். அப்படிப்பட்டவர் தன் ரஃப் நோட்டை ஊருக்குக் காட்ட விரும்புவாரா? ஒருவர் உயிரோடு இருக்கும்போது 'இதை வெளியிட வேண்டாம்' என்று சொல்லியிருந்தால், அதை மதிக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வீட்டில் தனியாகச் சாதகம் பண்ணியதை எடுத்து விற்பதும் சரியில்லை. ஆனால் மேடைக் கச்சேரி அப்படி அல்ல. அது ஏற்கெனவே ஆயிரம் பேர் முன்னால் பாடியது. ரகசியம் எதுவும் இல்லை. அதை வெளியிடுவது என்று முடிவு செய்த பிறகு, நடந்தது நடந்தபடி கொடுப்பதுதான் மரியாதை. மேடைக் கச்சேரி என்று அட்டையில் போட்டுவிட்டு ஸ்டுடியோ மாதிரி மெழுகிக் கொடுப்பது, ரஃப் நோட்டைக் கிழித்துக் கட்டுரை நோட்டில் ஒட்டுகிற வேலை.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா தபால்காரர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பாட்டுப் பைத்தியம். சனிக்கிழமை ராத்திரி ஆல் இந்தியா ரேடியோவில் தேசிய சங்கீத நிகழ்ச்சி வரும். அண்ணன் துபாயிலிருந்து ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டு வந்திருந்தார். அப்பா அதை ரேடியோவுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு வைத்து, யாரும் பேசக் கூடாது என்று விரலைக் காட்டிவிட்டு, பட்டனை அமுக்குவார். அப்படி ஒரு சனிக்கிழமை எம்.எஸ். அம்மா கச்சேரி ஒன்றைப் பதிவு செய்தார். அதில் என்னென்ன இருந்தது தெரியுமா? அறிவிப்பாளர் சொன்னது, நடுவில் அப்பாவின் இருமல், கொல்லைக் கதவை அம்மா சாத்துகிற சத்தம், அம்மா மெதுவாக "பால் வச்சிருக்கேன், ஆறிரும்" என்று சொல்வது. பக்கத்து வீட்டு நாய்கூட உண்டு.

1986-ல் எனக்குச் சம்பள பாக்கி மொத்தமாக வந்தது. இரண்டு கேசட் போடுகிற டெக் ஒன்று வாங்கினேன். புது மிஷின் வந்தால் கை சும்மா இருக்குமா? அப்பாவுக்கு ஒரு சந்தோஷம் கொடுப்போம் என்று, அந்தக் கேசட்டிலிருந்து பாட்டை மட்டும் எடுத்துப் புது கேசட்டில் பதிவு செய்தேன். அறிவிப்பு வந்தால் நிறுத்து, இருமல் வந்தால் நிறுத்து, கைத்தட்டல் வந்தால் நிறுத்து. நாள் முழுக்க உட்கார்ந்து செய்தேன். சுத்தமான கேசட் தயார். பழைய கேசட்டை வீணாக்குவானேன் என்று அதன் மேல் சினிமாப் பாட்டைப் பதிவு செய்துவிட்டேன். கேசட்டின் முதுகில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே எதுவும் பதிவாகாது. அப்பாவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்துதான் என்ன பிரயோஜனம்?

புது கேசட்டை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுசும் கேட்டார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார். "வயலின் வாசிச்சது யாருன்னு அந்தம்மா சொன்னாங்களேடா, அது எங்க?"

"அது எதுக்குப்பா, பாட்டு இருக்குல்ல" என்றேன்.

அவர் திட்டவில்லை. தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். மூன்று வருஷத்தில் காலமாகிவிட்டார். அம்மா போய் பதினாறு வருஷம் ஆகிறது. இன்று என்னிடம் அந்தக் கேசட் இருக்கிறது. அதில் பாட்டு இருக்கிறது. அது எந்த வருஷத்துக் கச்சேரி என்று எனக்குத் தெரியாது. வயலின் யார் என்று தெரியாது. அந்தப் பாட்டுகளில் பாதியை இப்போது போனில் ஒரு நொடியில் கேட்கலாம், இதைவிடத் தெளிவாக. நான் வெட்டி எறிந்ததைத்தான் எங்கேயும் கேட்க முடியாது.

அதனால்தான் அந்தப் பெட்டியைக் கேட்டபோது எனக்கு அப்படி இடித்தது. அவர்கள் செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதான். கெட்ட எண்ணம் இல்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தோம். பாட்டு மட்டும் முக்கியம், மற்றதெல்லாம் குப்பை என்று நினைத்தோம். எது குப்பை என்று முடிவு செய்கிற அவசரம்தான் தப்பு. இப்போது எது வேண்டாம் என்று நமக்குத் தெரியும். முப்பது வருஷம் கழித்து எதைத் தேடுவோம் என்று யாருக்குத் தெரியும்?

கம்பெனிக்காரர்கள் என் பதிவைப் படித்துத் திருந்தப் போவதில்லை. ஆனால் நீங்கள் படிக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் பீரோ அடியிலும் கேசட் இருக்கும். தாத்தா கோயில் கொடையில் பேசியது, சித்தப்பா கல்யாணத்து நாதஸ்வரம், அத்தை பாடிய தாலாட்டு, துபாயிலிருந்து அப்பா கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட். அவற்றுக்கெல்லாம் வயசாகிவிட்டது. நாடாவும் மனுஷன் மாதிரிதான், எப்போதும் காத்துக்கொண்டிருக்காது. அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பூஞ்சை பிடித்த, ஒட்டிக்கொள்கிற நாடாவை அப்படியே மிஷினில் போடாதீர்கள். அறுந்துவிடும். தெரிந்தவரிடம் காட்டுங்கள். நல்ல நிலையில் உள்ளதை முதலில் முதுகுத் துண்டை உடைத்துவிட்டு, முன்னும் பின்னும் ஒருமுறை முழுசாகச் சுற்றிவிட்டுப் போடுங்கள். கம்ப்யூட்டரில் ஏற்றும்போது எம்.பி.3-ஆக வேண்டாம், வேவ் என்று ஒரு வகை உண்டு, இடம் அதிகம் பிடிக்கும், பரவாயில்லை. முதல் பிரதியில் எதையும் வெட்டாதீர்கள், இரைச்சலை எடுக்காதீர்கள். சுத்தம் செய்ய ஆசை இருந்தால் இன்னொரு பிரதி எடுத்து அதில் செய்யுங்கள். மூன்று பிரதி வையுங்கள், ஒன்றாவது வேறு வீட்டில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தாளில் எழுதி வையுங்கள். யார் பேசியது, எந்த ஊர், எந்த வருஷம், கூட யார் இருந்தது. வருஷம் சரியாகத் தெரியாவிட்டால் 'பெரியவன் பிறப்பதற்கு முன்' என்றாவது எழுதுங்கள். எழுதாத பதிவேடு இல்லாத பதிவேடு என்று எங்கள் பழைய தலைமையாசிரியர் சொல்வார்.

கம்பெனிகளுக்கும் நான் கேட்பது இதே நாலுதான். மேடைக் கச்சேரியை முழுசாகக் கொடுங்கள். ஊர், தேதி, வாசித்தவர்கள் பெயரைப் போடுங்கள். என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். எளியவன் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு பதிப்பும் போடுங்கள்.

அந்தப் பெட்டியை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பத்திரமாக வைத்திருக்கிறேன், வாரம் ஒருமுறை மச்சினன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்கிறேன். பக்கவாத்தியக்காரர்கள் பெயரில் நான் விசாரித்து உறுதி செய்துகொண்டதை மட்டும் ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். தெரியாத இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். சங்கீதம் தெரிந்தவர்கள் வந்தால் நிரப்பட்டும்.

மச்சினன் வீட்டில் கேசட் டெக்கும் நல்ல நிலையில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஏற்றுகிற ஒயரையும் வாங்கிவிட்டோம். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் வீட்டில் இருக்கிற கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். உட்கார்ந்து ஏற்றித் தருகிறேன். காசு வேண்டாம், காபி நான் தருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. கேசட்டோடு அந்தத் தாளையும் எழுதிக்கொண்டு வர வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றைக்கே கேட்டு எழுதுங்கள். நாளைக்கு எழுதலாம் என்று நான் சொன்ன நாட்கள் நிறைய.

அன்புடன்,
உங்கள் ஐந்தாம் வகுப்பு சார்